தோற்ற நாட்டின் தூதர்

வரலாற்றுப் பாடநூலில் சிலருக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கப்படுகிறது. சிலருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. வியன்னா மாநாட்டைப் பற்றிய பாடத்தில் ஆஸ்திரியாவின் மெட்டர்னிக்குக்கு ஒரு பக்கம். பிரான்சின் சார்பில் டாலிராண்ட் கலந்துகொண்டார் என்று அவருக்கு ஒரு வரி. அந்தப் பாடம் நடந்த அன்று பின்வரிசையிலிருந்து ஒருத்தி எழுந்து, "சிஸ்டர், சண்டையில் தோற்றது பிரான்சு. தோற்றவர்களை யார் கூப்பிட்டுச் சரிசமமாக உட்கார வைத்தார்கள்?" என்று கேட்டுவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. நூலகத்தில் தேடிப் பாருங்கள், பிறகு எனக்கும் சொல்லுங்கள்" என்றார்கள்.

தேடினோம். விடை கிடைத்தது. ஆனால் அந்த விடையோடு சேர்ந்து ஒரு மனிதரின் வாழ்க்கையும் கைக்கு வந்தது. அவரைப் பாராட்டுவதா, பழிப்பதா என்று எங்களுக்குள் இன்றுவரை ஒத்துவரவில்லை. ஆகவே எங்களுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறோம். பெயரைப் பற்றி முதலில் ஒரு சொல்: பிரெஞ்சுக்காரர் அவரைத் 'தலேரான்' என்றுதான் உச்சரிப்பார்களாம். நாங்கள் பாடநூலில் பழகிய பெயரையே வைத்துக்கொள்கிறோம்.

சார்லஸ் மொரிஸ் டி டாலிராண்ட் பெரிகோர் 1754 பிப்ரவரி 2 அன்று பாரிஸ் நகரில் பிறந்தார். பிரான்சின் மிகப் பழைய பிரபுக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. தந்தை படைத்தலைவர், தாய் அரசவையில் பணிபுரிந்தவர். அக்காலத்துப் பெரிய வீடுகளின் வழக்கப்படி குழந்தையைச் செவிலித்தாயிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஓர் உயரமான பெட்டியின் மேலிருந்து விழுந்து கால் முறிந்தது, அதைச் சொல்லாமல் மறைத்துவிட்டார்கள் என்று அவரே பிற்காலத்தில் எழுதி வைத்தார். பிறவியிலேயே வளைந்த பாதம் என்பது இன்றைய ஆய்வாளர் பலருடைய கருத்து. எதுவானாலும், வாழ்நாள் முழுவதும் அவர் வலது காலில் இரும்புப் பட்டை கட்டிய காலணியோடு நொண்டி நொண்டியே நடந்தார்.

அந்தக் கால் அவருடைய தலையெழுத்தை மாற்றியது. குடும்பத்தின் மூத்த மகன் படைக்குப் போக வேண்டும். நொண்டிக் காலோடு படையில் சேர முடியாது. ஆகவே மூத்தவருக்குரிய உரிமையைப் பெற்றோர் தம்பிக்குக் கொடுத்துவிட்டார்கள். இவரைக் குருவாக்குவது என்று முடிவு செய்தார்கள். இவரை யாரும் கேட்கவில்லை.

நான்கு வயதில் கோச்சு வண்டியில் ஏற்றி 17 நாள் பயணமாகத் தெற்கே ஷாலே என்ற ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே கொள்ளுப்பாட்டி இருந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அந்த மூதாட்டி அரண்மனையின் ஓர் அறையில் அமர்ந்து, ஊரின் ஏழை நோயாளிகளை வரச்சொல்லி, மருந்தும் துணியும் கொடுப்பாராம். சிறுவன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பான். தம்மிடம் முதன்முதலில் அன்பு காட்டியவர் அவர்தாம் என்று, தொண்ணூறு ஆட்சியாளரையும் தூதரையும் கண்டு முடித்த கிழவராக அவர் எழுதும்போதும் அந்தப் பாட்டியை மறக்கவில்லை. (தொண்ணூறு என்பது எங்கள் கணக்கு, பேச்சுக்குச் சொன்னோம்.) எட்டு வயதில் திரும்பப் பாரிசுக்கு அழைத்தார்கள். வண்டி நின்ற இடத்தில் வீட்டின் பழைய வேலைக்காரர் ஒருவர் காத்திருந்தார். அப்பா அம்மாவிடம் போகிறோம் என்று நினைத்த பிள்ளையை நேராக விடுதிப் பள்ளிக்கு அழைத்துப் போனார். அன்று நண்பகல் உணவு பள்ளியின் சாப்பாட்டறையில்.

எங்களில் விடுதியில் தங்கிப் படிப்பவர்கள் இந்த இடத்தை வாசித்தபோது சிறிது நேரம் பேசவில்லை. எங்களுக்காவது மாதத்தில் ஒரு ஞாயிறு, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு யாராவது வாசலில் நிற்பார்கள்.

பிறகு செயின்ட் சுல்பீஸ் குருமடம். 1779 டிசம்பரில் குருப்பட்டம். விருப்பமில்லாமல் பெற்ற பட்டம் அது. அழைத்தல் இல்லாத ஒருவரைக் குடும்ப கௌரவத்துக்காகப் பீடத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளே சான்று. கூர்மையான அறிவாலும் குடும்பப் பெயராலும் விரைவாக மேலே போனார். 1789 ஜனவரியில் ஓதேன் மறைமாவட்டத்தின் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அந்த ஊரில் அவர் தங்கியதோ சில வாரங்கள்தாம். அதே ஆண்டு மே மாதம் பிரெஞ்சுப் புரட்சியின் வாசலாக அமைந்த மூன்று சபைகளின் கூட்டத்துக்குக் குருக்களின் பிரதிநிதியாகப் போனார்.

அங்கே அவர் செய்ததைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1789 அக்டோபர் 10 அன்று, திருச்சபையின் நிலங்களையெல்லாம் நாட்டுடைமையாக்கி அரசின் கடனை அடைக்கலாம் என்று முன்மொழிந்தவர் இந்த ஆயரே. நவம்பர் 2 அன்று அது தீர்மானமாயிற்று. அந்நிலங்களின் வருமானத்தில் நடந்த பள்ளிகளும் மருத்துவமனைகளும் தவித்தன. 1790 ஜூலை 14 அன்று பாரிசின் பெரிய மைதானத்தில், கொட்டும் மழையில், புரட்சியின் முதலாண்டு விழாவுக்குத் திருப்பலி நிறைவேற்றியவரும் அவரே. குருக்களை அரசின் ஊழியராக்கும் சட்டத்துக்கு உறுதிமொழி எடுத்தார். ஆயர் பதவியைத் துறந்தார். துறந்த பின்னும் 1791 பிப்ரவரியில், பாப்பரசரின் இசைவில்லாமல் புதிய ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார். ஆறாம் பத்திநாதர் அவரைக் கண்டித்து விலக்கினார்.

அதே குடும்பத்தில் இன்னொருவர் இருந்தார். டாலிராண்டின் சித்தப்பா, ரெய்ம்ஸ் நகரின் பேராயர். அவர் அந்த உறுதிமொழியை எடுக்க மறுத்து, பதவியையும் நாட்டையும் விட்டு நாடுகடந்து வாழ்ந்தார். ஒரே வீட்டில் இரண்டு வழிகள். இந்தச் சித்தப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கட்டுரையின் முடிவில் மீண்டும் வருவார்.

புரட்சி வெறிகொண்டபோது டாலிராண்ட் 1792 செப்டம்பரில் முறையான பயணச்சீட்டோடு இங்கிலாந்து போய்விட்டார். பலர் தலையை இழந்தனர். இவர் தலையைக் காத்துக்கொண்டார். 1794-ல் இங்கிலாந்தும் வெளியேற்றவே அமெரிக்கா சென்று, நிலம் வாங்கி விற்று இரண்டாண்டு கழித்தார். 1796-ல் திரும்பினார். 1797 ஜூலையில் பிரான்சின் வெளியுறவு அமைச்சர்.

இங்கே அவருடைய இரண்டாவது குறையைச் சொல்ல வேண்டும். பணம். பதவிக்கு வந்த சில மாதங்களிலேயே, பேச்சு வார்த்தைக்காக வந்த மூன்று அமெரிக்கத் தூதர்களிடம், பேசத் தொடங்குவதற்கே 50,000 பவுன் வேண்டும் என்று இவருடைய ஆட்கள் கேட்டார்கள். அமெரிக்கர்கள் கொடுக்கவில்லை, 1798-ல் செய்தியை அச்சிட்டு உலகறியச் செய்துவிட்டார்கள். அதற்குப் பின்னும் இவர் திருந்தினார் என்று சொல்வதற்கில்லை. ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் அவர் கைக்கு ஏதோ ஒன்று வந்துகொண்டேயிருந்தது. கையூட்டு என்ற சொல்லுக்கு வேறு மெருகு பூச எங்களுக்கு மனமில்லை.

1799 நவம்பரில் நெப்போலியன் ஆட்சியைக் கைப்பற்ற உதவியவர்களில் இவரும் ஒருவர். இருவரும் ஒருவரையொருவர் நன்கு பயன்படுத்திக்கொண்டனர். 1801-ல் பாப்பரசரோடு நெப்போலியன் செய்துகொண்ட உடன்படிக்கையால் பிரான்சில் ஆலயக் கதவுகள் மீண்டும் திறந்தன. 1802-ல் ஏழாம் பத்திநாதர் டாலிராண்டைப் பொதுநிலையினரைப் போல வாழ அனுமதித்தார். ஆனால் ஆயர் ஒருவர் திருமணம் செய்ய அனுமதி கொடுக்கவில்லை. டாலிராண்ட் அந்த எல்லையை மதிக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்.

மணப்பெண்ணின் பிறந்த ஊரைப் படித்ததும் எங்களில் ஒருத்தி "ஐயோ!" என்று கத்தி நூலகரிடம் வசவு வாங்கினாள். தரங்கம்பாடி! ஆம், காரைக்காலுக்கு வடக்கே, அலை மோதும் கரையில் டேனிஷ்காரரின் கோட்டை நிற்கிறதே, அந்தத் தரங்கம்பாடிதான். கத்தரீன் வெர்லே என்ற அந்தப் பெண் 1762-ல் அங்கே ஒரு பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தார். தந்தைக்குப் பின்னர் வங்காளத்துச் சந்திரநாகூரில் துறைமுகப் பணி. 1777-ல், பதினைந்து வயதுகூட நிறையாத பருவத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர் கிராண்ட் என்பவருக்கு மணமுடித்துக் கொடுத்துவிட்டார்கள். அந்த மணவாழ்வு முறிந்தது. அவர் ஐரோப்பா போய்ச் சேர்ந்தார். டாலிராண்டோடு வாழ்ந்த வாழ்வும் நிலைக்கவில்லை. 1815-க்குள் இருவரும் பிரிந்துவிட்டனர்; 1835-ல் பாரிசில் அவர் இறந்தார். நூல்களில் அவரை அறிவில்லாதவர் என்று ஏளனம் செய்யும் கதைகள் நிறைய இருக்கின்றன. நாங்கள் அவற்றை இங்கே எழுதவில்லை. பள்ளிக்கு அனுப்பாமல் பதினான்கு வயதில் கட்டிக்கொடுத்த ஒரு பெண்ணைப் பார்த்து, பெரிய பெரிய அறிஞர்கள் சிரித்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

நெப்போலியன் பேரரசராகி, டாலிராண்டை 1806-ல் பெனவென்டோவின் இளவரசராக்கினார். ஆனால் வெற்றி கூடக் கூட இருவருக்கும் இடையில் விரிசல் விழுந்தது. தோற்றவனை நசுக்கினால் அவன் நாளைக்குப் பகைவனாக எழுவான், ஆஸ்திரியாவை நண்பனாக்கிக்கொள்ள வேண்டும் என்பது அமைச்சரின் எண்ணம். நெப்போலியன் கேட்கவில்லை. 1807 ஆகஸ்டில் டாலிராண்ட் பதவி விலகினார். அடுத்த ஆண்டு எர்ஃபர்ட் நகரில் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தரை நெப்போலியன் சந்தித்தபோது, உடன் அழைத்துச் சென்ற டாலிராண்ட், மாலை வேளைகளில் அதே அலெக்சாந்தரிடம் தனியாகப் பேசி, நெப்போலியனுக்கு இணங்கிப் போக வேண்டாம் என்றார். பின்பு ஆஸ்திரியாவுக்குச் செய்திகள் கொடுத்துப் பணமும் பெற்றார்.

இதுதான் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்த இடம். எசமானுக்குச் செய்த துரோகம் என்றார்கள் ஒரு பக்கத்தார். போர்வெறியிலிருந்து நாட்டைக் காக்க வேறு வழியில்லை என்றார்கள் மறுபக்கத்தார். அப்படியானால் பணம் எதற்கு வாங்கினார் என்று முதல் பக்கத்தார் கேட்டபோது, மறுபக்கத்தில் பதில் இல்லை.

1809 ஜனவரி 28 அன்று நெப்போலியன் அவையோர் முன்னிலையில் அவரை நிற்க வைத்து, வாயில் வரக்கூடாத சொற்களால் நெடுநேரம் ஏசினார். டாலிராண்ட் ஒரு சொல்லும் பேசாமல், முகத்தில் ஒரு தசையும் அசையாமல் நின்றார். வெளியே வந்தபின், இவ்வளவு பெரிய மனிதர் இப்படி வளர்ப்பில்லாமல் போனாரே என்று மட்டும் வருந்தினாராம்.

1814 மார்ச் 31 அன்று பகைவர் படை பாரிசுக்குள் நுழைந்தது. ரஷ்யப் பேரரசர் வந்து தங்கியது எங்கே தெரியுமா? டாலிராண்டின் வீட்டில்! அந்த வீட்டு மாடியில்தான் அடுத்த ஆட்சி எது என்று முடிவாயிற்று. ஏப்ரல் 1 அன்று இடைக்கால அரசின் தலைவரானார். நெப்போலியன் முடிதுறந்தார். பழைய அரச குடும்பத்தின் பதினெட்டாம் லூயி அரியணை ஏறினார். மே 30 அன்று பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்சின் சார்பில் கையெழுத்திட்டவர் டாலிராண்டே. இருபது ஆண்டுக்கு மேலாக ஐரோப்பாவைக் கலக்கிய நாட்டுக்கு அபராதமாக ஒரு காசு விதிக்கவில்லை. 1792 தொடக்கத்தில் இருந்த எல்லைகள் அப்படியே கிடைத்தன.

நம் ஊர்க் கதையும் இந்த உடன்படிக்கைக்குள் இருக்கிறது. ஆங்கிலேயர் பிடித்து வைத்திருந்த புதுச்சேரியும் காரைக்காலும் பிரான்சுக்குத் திரும்புவதென்று இதில்தான் எழுதப்பட்டது. கோட்டை கட்டக்கூடாது, ஊர்க்காவலுக்கு வேண்டிய அளவுக்கு மேல் படைவீரர் வைக்கக்கூடாது என்று நிபந்தனை. பின்னர் அவ்வூர்கள் கைமாறின. 1954 வரை பிரெஞ்சுக் கொடி அங்கே பறந்தது. புதுச்சேரியில் இன்றும் சில தெருக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் இருப்பதற்கு, தரங்கம்பாடிப் பெண்ணை மணந்த அந்த நொண்டிக்கால் பிரபுவின் கையெழுத்தும் ஒரு காரணம். மொரீசியசை ஆங்கிலேயர் திருப்பித் தரவில்லை.

இனி வியன்னா. பின்வரிசைக்காரியின் கேள்விக்கு விடை இங்கேதான். உண்மையைச் சொன்னால், பிரான்சை யாரும் சமமாக உட்கார வைக்கவில்லை. ஆஸ்திரியா, ரஷ்யா, பிரஷ்யா, பிரிட்டன் நான்கும் தங்களுக்குள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, மற்றவர்களைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தன. டாலிராண்ட் 1814 செப்டம்பர் 23 அன்று வியன்னா சேர்ந்தார். வயது 60. கையில் படை இல்லை, பணம் இல்லை, நண்பர் இல்லை. விருந்தினரை வரவேற்கத் தம் தம்பி மகனின் மனைவி டொரத்தேயாவை உடன் அழைத்து வந்திருந்தார். 21 வயதான அந்தப் பெண்ணின் அறிவும் நாவன்மையும் பல வீடுகளின் கதவுகளை அவருக்குத் திறந்துவிட்டன.

செப்டம்பர் 30 அன்று மெட்டர்னிக்கின் வீட்டில் கூட்டம். டாலிராண்டையும் ஸ்பெயின் தூதரையும் கடைசி நேரத்தில் அழைத்திருந்தார்கள். அவர் உள்ளே வந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நால்வரும் தயாரித்த தாளை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒவ்வொரு பத்தியிலும் 'நேசநாடுகள்' என்ற சொல் வந்தது. அவர் அந்தச் சொல்லில் நின்றுவிட்டார். யாருக்கு எதிரான நேசம் இது என்று கேட்டார். நெப்போலியனுக்கு எதிராக என்றால் அவர் எல்பா தீவில் இருக்கிறார். பிரெஞ்சு மன்னருக்கு எதிராக என்றால் அவரோடு சமாதானம் கையெழுத்தாகிவிட்டதே! இன்னும் நேசநாடுகள் என்ற கூட்டு இருக்குமானால் இங்கே எனக்கு வேலையில்லை என்றார். அவர்கள் தடுமாறினார்கள். வசதிக்காக எழுதிய சொல் என்று சமாளித்தார்கள்.

அடுத்த தாளைக் கொடுத்தார்கள். ஒருமுறை வாசித்தார், மறுமுறையும் வாசித்தார், எனக்குப் புரியவில்லை என்றார். மாநாடு கூடும் என்று ஒப்புக்கொண்ட மே 30 எனக்குத் தெரியும், கூட வேண்டிய அக்டோபர் 1 தெரியும், இடையில் நீங்கள் நால்வரும் செய்துகொண்டது எதுவும் எனக்குத் தெரியாது என்றார். அந்தக் குறிப்புகளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. வல்லரசுகள் எழுதிய வாக்கியத்தை அவர் கவனமாக வாசித்தார், அவ்வளவுதான். ஸ்பெயின், போர்ச்சுகல், சிறிய ஜெர்மன் அரசுகள் எல்லாம் வெளியே நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன. அவர்களுக்கெல்லாம் இப்போது ஒரு வாய் கிடைத்துவிட்டது. தோற்ற நாட்டின் தூதர் சிறிய நாடுகளின் வக்கீலானார். அக்டோபர் 8 அன்று, மாநாடு பொதுச் சட்டத்தின்படி நடக்கும் என்று எழுத வேண்டும் என்றார். பிரஷ்யாவின் ஹார்டன்பர்க் எழுந்து நின்று மேசையில் கையூன்றி, அது சொல்லாமலே விளங்கும் என்று கத்தினார். சொல்லாமல் விளங்குமானால் சொன்னால் இன்னும் நன்றாக விளங்குமே என்பது டாலிராண்டின் விடை. எழுதிக்கொடுத்தார்கள்.

உண்மையான சிக்கல் சாக்சனி நாட்டைப் பற்றியது. சாக்சனி மன்னர் கடைசிவரை நெப்போலியன் பக்கம் இருந்தவர். ஆகவே அந்நாடு முழுவதும் எனக்கு என்றது பிரஷ்யா. போலந்து எனக்கு என்றது ரஷ்யா. ஆஸ்திரியாவும் பிரிட்டனும் அஞ்சின. டாலிராண்ட் முறையான மன்னரின் முடியை வெற்றி பெற்றவன் பறிக்கக்கூடாது என்றார். சாக்சனி மன்னர் ஐரோப்பாவுக்குத் துரோகம் செய்தவர் என்று அலெக்சாந்தர் பொங்கியபோது, அது எந்தத் தேதியில் என்பதைப் பொறுத்தது, பேரரசே என்றார். அலெக்சாந்தரும் ஒரு காலத்தில் நெப்போலியனோடு கைகுலுக்கியவர்தாமே! அதே கேள்வியை அவரிடம் யாரும் திருப்பிக் கேட்டிருக்கலாம். குடியரசுக்கும் பேரரசுக்கும் ஊழியம் செய்து முடித்துவிட்டு, முறையான மன்னருக்கே முடி என்று அவர் உபதேசித்தது வேடிக்கைதான். ஆனால் உபதேசிப்பவரைக் கொண்டு உபதேசம் பொய்யாகிவிடுமா? இது பற்றியும் எங்களிடம் இரண்டு கட்சி.

1815 ஜனவரி 3 அன்று பிரிட்டன், ஆஸ்திரியா, பிரான்சு மூன்றும் இரகசிய ஒப்பந்தம் செய்தன. தாக்கப்பட்டால் ஒவ்வொரு நாடும் 150,000 வீரரைத் தர வேண்டும். எட்டு மாதங்களுக்கு முன் தோற்று மண்டியிட்ட நாடு இப்போது வல்லரசுகளின் தோழன். நால்வர் கூட்டு உடைந்தது. பிரஷ்யா இறங்கி வந்தது; சாக்சனி மன்னருக்கு நாட்டின் ஒரு பகுதி மிஞ்சியது. அதே மாதம் 21 அன்று, புரட்சியில் தலை வெட்டப்பட்ட பதினாறாம் லூயிக்காக வியன்னாவின் பெரிய ஆலயத்தில் இரங்கல் திருப்பலி ஏற்பாடு செய்தார் டாலிராண்ட். பேரரசர்கள் வந்து அமர்ந்தார்கள். பீடத்தைப் பார்த்தபடி அந்தப் பழைய ஆயர் என்ன நினைத்தார் என்பதை எந்த நூலும் சொல்லவில்லை.

ஆனால் மார்ச் 1 அன்று நெப்போலியன் எல்பாவிலிருந்து தப்பி வந்தார். பாரிசில் அவசரத்தில் விட்டுப்போன தாள்களிடையே அந்த இரகசிய ஒப்பந்தம் அவர் கையில் சிக்கியது. உடனே அலெக்சாந்தருக்கு அனுப்பிவைத்தார். ஜூன் 18 அன்று வாட்டர்லூ. இரண்டாம் முறை தோற்ற பிரான்சுக்கு இம்முறை இரக்கம் இல்லை: 70 கோடி பிராங்கு அபராதம், எல்லைச் சுருக்கம், அந்நியப் படை. அந்த நிபந்தனைகளில் கையெழுத்திடுவதற்கு முன்பே, 1815 செப்டம்பரில், டாலிராண்ட் பதவியிலிருந்து வெளியேறிவிட்டார்.

அடுத்த பதினைந்து ஆண்டு ஓய்வு. 1830 புரட்சிக்குப் பின் லூயி பிலிப் மன்னரானபோது, 76 வயதில் லண்டனுக்குத் தூதராகப் போனார். பெல்ஜியம் ஹாலந்திடமிருந்து பிரிந்து கிளர்ந்தெழுந்த நேரம் அது. அதை விழுங்கத் துடித்தவர்கள் பிரான்சிலேயே இருந்தார்கள். பிரிட்டனோடு போர் மூண்டுவிடாமல், பெல்ஜியம் தனிநாடாக, எவர் பக்கமும் சேராத நாடாக அமைய லண்டன் மாநாட்டில் உழைத்தார். 1834-ல் ஊர் திரும்பினார்.

இனி அந்தக் கிழவரும் ஒரு சிறுமியும். டொரத்தேயாவின் மகள் பவுலின் 1820-ல் பிறந்தவள். லண்டனிலும் பிரான்சிலும் அவர் வீட்டிலேயே வளர்ந்தாள். பெற்றோர் அன்பறியாத மனிதர் அந்தக் குழந்தையிடம் உயிரையே வைத்திருந்தார். வீட்டின் சம்மனசு என்று அழைப்பார். பக்தியுள்ள பெண். தாத்தா திருச்சபையோடு ஒப்புரவாக வேண்டுமென்று அவள் செபித்தாள், வற்புறுத்திப் பேசவில்லை. அவளுக்கு மறைக்கல்வி சொல்லிக்கொடுத்தவர் தூபன்லூ என்ற இளங்குரு. பின்னாளில் ஓர்லியன்ஸ் நகரின் புகழ்பெற்ற ஆயரானவர். பாரிசின் பேராயராயிருந்த கெலன் ஆண்டகைக்கும் இதில் ஒரு கடமை இருந்தது. நாடுகடந்து வாழ்ந்த சித்தப்பா பின்னர் பாரிசின் பேராயராகவும் கர்தினாலாகவும் ஆகி, 1821-ல் இறந்தார். தம் அண்ணன் மகனின் ஆன்மாவை மறந்துவிடாதே என்று அவர் கெலனிடம் ஒப்படைத்துப் போயிருந்தார்.

1838 மார்ச் 3 அன்று டாலிராண்ட் அறிஞர் கழகத்தில் கடைசியாகப் பேசினார். இறந்துபோன தூதர் ரெய்ன்ஹார்டைப் பற்றிய உரை. அவர் இளமையில் இறையியல் படித்தவர். இறையியல் கல்வி சிந்தனைக்கு வலிமையும் நெகிழ்வும் தரும், தூதருக்கு அது பெரிய துணை என்றார். யாரைப் பற்றிப் பேசுகிறார் என்று கேட்டவர்களுக்குப் புரிந்தது.

மே மாதம் நோய் முற்றியது. முதுகில் பெரிய கட்டி, அறுத்தார்கள். தம் தவறுகளுக்கு வருந்தும் அறிக்கையும், பாப்பரசர் பதினாறாம் கிரகோரியாருக்குக் கடிதமும் முன்பே ஆயத்தமாக இருந்தன. கையெழுத்துதான் பாக்கி. மே 16 மாலை பவுலின் படுக்கையருகே வந்து வேண்டினாள். நாளைக் காலை ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் என்றார். இரவு போய்விடுவாரோ என்று வீடே நடுங்கியது. எத்தனையோ ஒப்பந்தங்களைக் காலம் பார்த்துக் கையெழுத்திட்டவர், இதற்கும் நேரம் குறித்துவிட்டார். மறுநாள் விடியலில் டொரத்தேயா இரண்டு தாள்களையும் உரக்க வாசித்தார். கிழவர் தம் முழுப் பெயரையும் எழுதினார்.

அப்போது பவுலினுக்கு வயது 17. எங்கள் வகுப்பில் மூத்தவளுக்கும் அதே வயதுதான்.

பிறகு மன்னர் லூயி பிலிப் நேரில் வந்து விடைபெற்றுப் போனார். தூபன்லூ ஒப்புரவு அருட்சாதனம் கேட்டு, நோயில்பூசுதல் கொடுக்கத் தொடங்கினார். பொதுநிலையினருக்கு உள்ளங்கையில் எண்ணெய் பூசுவார்கள். குருப்பட்டத்தின்போதே உள்ளங்கை திருநிலைப்படுத்தப்பட்டவருக்குப் புறங்கையில் பூச வேண்டும். டாலிராண்ட் தம் கைகளை மூடி, புறங்கையை மேலே வைத்து நீட்டினார். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கழற்றி எறிந்த ஆயர் நிலையை அவர் மறக்கவில்லை.

அன்று, 1838 மே 17 பிற்பகல், உயிர் பிரிந்தது. வயது 84. இந்த மனமாற்றம் உண்மையானதா, அதுவும் கடைசியாக ஓர் ஒப்பந்தம்தானா என்று பாரிசில் அன்றே விவாதம் எழுந்தது. சிஸ்டரிடம் கேட்டோம். "அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டியவர் வேறொருவர்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகையைத் துடைக்கப் போய்விட்டார்கள்.

அவரை வலான்சே என்னும் தம் ஊரில் அடக்கம் செய்தார்கள். இரும்புப் பட்டை கட்டிய அந்த வலதுகால் காலணி அங்கே அவருடைய மாளிகையில் இருக்கிறது.